பேரிடருக்குப் பிந்தைய மாதங்களில் கர்ப்ப காலப் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளம், நிலநடுக்கம், புயல், காட்டுத்தீ எதுவாக இருந்தாலும் முதல் சில நாட்களில் உதவி வந்து குவியும். இந்தப் பக்கம் அதற்கு அடுத்து வரும் நீண்ட மாதங்களைப் பற்றியது. கர்ப்பிணிகளும், வீட்டாரும், கூட நின்று வேலை செய்யும் தன்னார்வலர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். இது மருத்துவருக்கு மாற்று இல்லை. மருத்துவரிடமோ செவிலியரிடமோ போகும்போது எதைக் கேட்பது, எதைச் சொல்வது என்பதற்கு உதவும்.

பேரிடர்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன ஆபத்து?

கர்ப்பிணிகளுக்குச் சிக்கல் தொடங்குவதே பல இடங்களில் இந்தக் கட்டத்தில்தான். ஆரம்ப வாரங்களில் நடமாடும் மருத்துவக் குழு வரும், மாத்திரை கிடைக்கும், யாராவது வந்து விசாரிப்பார்கள். அப்புறம் முகாமை மூடுவார்கள், குழு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடும். ஆனால் ஊரில் இருந்த சுகாதார நிலையம் இன்னும் எழுந்திருக்காது. அங்கே வேலை பார்த்த செவிலியரே வீட்டை இழந்து வேறு ஊரில் உறவினர் வீட்டில் இருக்கலாம். சாலை திறந்தாயிற்று, கடை திறந்தாயிற்று என்பதால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது போலத் தோன்றும். கர்ப்பப் பரிசோதனை மட்டும் இன்னும் திரும்பியிருக்காது.

கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குப் பிரசவத்தையொட்டி உயிருக்கு ஆபத்தான சிக்கல் வரலாம் என்று வைத்துத்தான் பேரிடர் காலத் திட்டங்களைப் போடுகிறார்கள். ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம், தொற்று, குழந்தை இறங்காமல் சிக்கிக்கொள்வது என்று காரணங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பேரிடர் கண்ட ஊரில் ஆஸ்பத்திரி எட்டத்துக்குப் போய்விடுகிறது, அவ்வளவே. அந்த இடைவெளியில்தான் உயிர் போகிறது.

பரிசோதனைக்குப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. இனிப் போனால் திட்டுவார்களோ?

திட்டினாலும் போங்கள். விட்டுப்போன மாதங்களுக்காக வெட்கப்பட்டு இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தப்பு. 7-ஆம் மாதத்தில் முதன்முதலாகப் போனாலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் தந்த பரிந்துரைப்படி, ஒரு கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை மருத்துவப் பணியாளரைச் சந்திக்க வேண்டும். முதல் சந்திப்பு 12 வாரத்துக்குள். பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40-ஆவது வாரங்களில். பாதிக்கப்பட்ட பகுதியில் இந்த அட்டவணை அப்படியே நடக்காது என்பது தெரிந்ததே. நடக்காதபோது கடைசி மாதங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் ஏறுவதும், குழந்தை குறுக்காக இருப்பது தெரியவருவதும், பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.

ஒரே ஒரு சந்திப்புதான் வாய்க்கும் என்றால் சிலவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். 140/90-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கவனிக்க வேண்டும், 160/110 என்றால் அன்றே ஆஸ்பத்திரி. சிறுநீரில் புரதம், ரத்தத்தில் ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, எச்.ஐ.வி., சிஃபிலிஸ் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சிஃபிலிஸ் பரிசோதனையைச் சேர்ப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில் அது தெரிந்துவிடும். பென்சிலின் ஊசியால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். தெரியாமல் விட்டால் குழந்தை இறந்தே பிறக்கக்கூட வாய்ப்புண்டு.

கர்ப்ப கால அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் போய்விட்டன. என்ன செய்ய?

ஒரு தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். கடைசி மாதவிடாய் தேதி, இது எத்தனையாவது கர்ப்பம், முன்பு அறுவைசிகிச்சை நடந்ததா, ரத்தப்போக்கு வந்ததா, குழந்தை இறந்ததா, ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தினமும் சாப்பிடும் மருந்துகள். முன்பு சிசேரியன் ஆனவர்கள் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பிரசவம் எங்கே நடக்க வேண்டும் என்பதையே அது மாற்றிவிடும்.

இனி ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் அட்டையைப் படம் எடுத்து இன்னொருவர் ஃபோனுக்கும் அனுப்பிவையுங்கள். அட்டை உங்களிடமே இருக்கட்டும். "நாங்களே வைத்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் தற்காலிக மருத்துவ முகாம்களிடம், எழுதியதன் நகலாவது கேளுங்கள். அந்த முகாம் அடுத்த வாரம் வேறு இடத்தில் இருக்கும், உங்கள் அட்டையும் அதோடு போய்விடும்.

எத்தனை மாதம் என்றே சரியாகத் தெரியவில்லை.

பேரிடர் அமளியில் தேதி மறப்பது சகஜம். கடைசி மாதவிடாயின் முதல் நாள் தெரிந்தால் அதோடு 280 நாள் கூட்டினால் உத்தேசப் பிரசவத் தேதி வரும். தேதி நினைவில்லை என்றால் பேரிடர் நடந்த நாளை வைத்துக் கணக்கிடலாம். அன்று மாதவிடாய் தள்ளிப்போயிருந்ததா, மசக்கை இருந்ததா, அசைவு தெரிந்ததா? முதல் குழந்தை என்றால் அசைவு பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில் தெரியும், அடுத்தடுத்த கர்ப்பங்களில் கொஞ்சம் முன்னதாகவே. கருப்பை தொப்புள் உயரத்துக்கு வருவது ஏறக்குறைய 20 வாரத்தில். அதற்குப் பிறகு அதன் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்தால், வாரக் கணக்கோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். ஸ்கேன் வசதி கிடைத்தால் 24 வாரத்துக்கு முன்பு ஒன்று எடுத்துவிடுவது நல்லது. நாள் ஆக ஆக ஸ்கேன் சொல்லும் தேதியின் துல்லியம் குறையும்.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது?

பிறப்புறுப்பில் ரத்தம் வருவது. விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விலா எலும்புக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, வலிப்பு. குளிரோடு காய்ச்சல். மாதம் நிறைவதற்கு முன்பே பனிக்குடம் உடைவது, அல்லது விட்டு விட்டு வலி வருவது. உடைந்த நீர் பச்சையாகவோ நாற்றத்தோடோ இருப்பது. மூச்சுத் திணறல். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். குழந்தையின் அசைவு குறைவது.

அசைவைப் பற்றி ஒரு வார்த்தை. வரிசையில் நிற்பதும் அலைவதுமாக இருக்கும் நாளில் அசைவைக் கவனிக்க யாருக்கும் நேரமிருக்காது. அதனால் சந்தேகம் வந்ததும் ஒருக்களித்துப் படுத்து, வேறு எதையும் பார்க்காமல் கவனியுங்கள். 28 வாரத்துக்கு மேல் 2 மணி நேரத்தில் 10 அசைவுகூடத் தெரியவில்லை என்றால் கிளம்புங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்த வேண்டாம்.

தப்பி ஓடும்போது விழுந்து வயிற்றில் அடிபட்டது. வெளியே காயம் இல்லை.

வெளியே காயம் இல்லாமலும் நச்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிய்ந்திருக்கலாம். அடிபட்ட முதல் நாள்தான் கூடுதல் ஆபத்து. அந்த நேரத்தில் வயிறு கல் போல இறுகுவது, வலி, ரத்தம், அசைவு குறைவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். முடிந்தால் ஆஸ்பத்திரியில் இருந்தே கவனிப்பது நல்லது. உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால், தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் ஒத்துப்போகாமல் வரும் சிக்கலைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி பற்றிக் கேளுங்கள். அதை 72 மணி நேரத்துக்குள் போடுவது வழக்கம். சில வாரம் கழிந்துவிட்டாலும் அடிபட்ட விஷயத்தை அடுத்த பரிசோதனையில் சொல்லிவிடுங்கள்.

இந்த அதிர்ச்சி என் குழந்தையைப் பாதித்திருக்குமா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை, மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்கள். ஆராய்ச்சிகள் இருக்கின்றன. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் பகுதியில் பெரும் பனிப்புயல் வீசி, லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அப்போது கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதிக இன்னல் பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு மொழி, அறிவாற்றல் சோதனைகளில் சராசரி மதிப்பெண் குறைவாக இருந்தது. 2005-இல் சிலியின் வட பகுதியில் நடந்த நிலநடுக்கத்தின்போது கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இருந்தவர்களின் குழந்தைகள் சராசரியாகச் சற்றே எடை குறைந்து பிறந்தார்கள்.

இவை சராசரிக் கணக்குகள். ஒரு குழந்தைக்கு என்ன ஆகும் என்று இவற்றால் சொல்ல முடியாது. பேரிடரைத் தாங்கிய பெரும்பாலான பெண்களுக்கு நல்லபடியாகவே குழந்தை பிறக்கிறது. நடந்து முடிந்த அதிர்ச்சியை யாராலும் மாற்ற முடியாது. இனி வரும் மாதங்களின் தூக்கம், சாப்பாடு, ரத்த அழுத்தம், துணை ஆகியவை இன்னும் கையில்தான் இருக்கின்றன. "நீ அழுதால் பிள்ளைக்கு ஆகாது" என்று கர்ப்பிணியை மிரட்டும் வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அழுகை பிள்ளையைக் கெடுக்காது. அழக்கூட விடாமல் தனியே தவிக்க விடுவதுதான் அவளை உடைக்கும்.

அப்படியானால் மனம் சரியில்லை என்பதை எப்போது வைத்தியத்துக்குரியதாக எடுத்துக்கொள்வது?

கெட்ட கனவு, திடுக்கிட்டு எழுவது, மழைச் சத்தம் கேட்டாலே படபடப்பது இவையெல்லாம் ஆரம்ப வாரங்களில் பலருக்கும் வரும், மெல்லக் குறையும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, சாப்பிடவோ தூங்கவோ முடியவில்லை, பிள்ளை வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் பரிசோதனைக்குப் போகும் இடத்திலேயே சொல்லுங்கள். இதற்கும் சிகிச்சை உண்டு, கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும். அந்த எண்ணம் வந்தவரைத் தனியே விடக் கூடாது.

தினமும் சாப்பிட்டுவந்த மருந்து தொலைந்துவிட்டது.

வலிப்பு மருந்து, தைராய்டு மாத்திரை, இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை, எச்.ஐ.வி. மருந்து, ஆஸ்துமா இன்ஹேலர் இவற்றைத் திடீரென்று நிறுத்துவது பெரும்பாலும் மருந்தைவிட ஆபத்தானது. முகாமில் கிடைக்கும் முதல் மருத்துவக் குழுவிடமே கேளுங்கள். கேட்கும்போது கர்ப்பம் என்பதைச் சொல்லியே தீர வேண்டும், வயிறு இன்னும் தெரியாத மாதம் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். அவசரத்தில் மாற்று மருந்து தருபவர்கள், பொதுவாக எல்லோருக்கும் தரும் எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து நீட்டிவிடலாம். கர்ப்பத்தில் அந்த வகை கூடாது.

வெள்ள நீரில் நனைந்த மாத்திரைகளைக் காயவைத்துச் சாப்பிட வேண்டாம். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குப்பி, 30 டிகிரிக்குக் கீழே நிழலில் இருந்தால் பொதுவாக 4 வாரம் தாங்கும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் 20 வாரத்துக்கு மேல் வேண்டாம். டாக்சிசைக்ளின், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கை யாராவது பொட்டலமாகக் கொடுத்தால் வாங்கி விழுங்கிவிடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

முகாமில் எல்லோருக்கும் ஊசி, மாத்திரை தருகிறார்கள். நானும் வாங்கிக்கொள்ளலாமா?

சிலதை வாங்கிக்கொள்ள வேண்டும், சிலதை மறுக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி அவசியம். முன்பு போட்ட கணக்கு இல்லையென்றால் குறைந்தது 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, இரண்டாவது பிரசவத்துக்கு 2 வாரத்துக்கு முன்பாவது. செயலிழந்த வைரஸால் ஆன ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுக்கொள்ளலாம். தட்டம்மை-ரூபெல்லா ஊசி உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை. கர்ப்பம் தெரியாமல் போட்டுவிட்டால் பயந்து கருவைக் கலைக்க வேண்டியதில்லை, மருத்துவரிடம் சொன்னால் போதும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் அதிக வீரிய வைட்டமின் ஏ சொட்டு கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். அந்த அளவு கருவுக்குக் கேடு செய்யக்கூடியது. குடற்புழு மாத்திரையை முதல் மூன்று மாதத்தில் தவிர்க்க வேண்டும். பிறகு தேவை என்று சொன்னால் சாப்பிடலாம்.

சாப்பாடு நிவாரணப் பொட்டலம்தான். சத்துக்கு என்ன வழி?

கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட நாளுக்கு ஏறத்தாழ 285 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது நிவாரணத் திட்டங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. தாய்ப்பால் கொடுப்பவருக்கு அது 500. "குடும்பத்துக்கு ஒரு பொட்டலம்" என்று அளந்து கொடுக்கும் இடங்களில் இந்தக் கூடுதல் எங்கிருந்து வரும்? பிள்ளைகளுக்கும் கணவருக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் சாப்பிடும் பெண்ணுக்கு, கூடுதல் இருக்கட்டும், வழக்கமான அளவே கிடைப்பதில்லை. கர்ப்பிணிக்கெனத் தனிப் பங்கு கேளுங்கள், அது சலுகை அல்ல. கொடுப்பவர்கள் கேட்காமலே கொடுத்தால் இன்னும் நல்லது.

தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 0.4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் வேண்டும். 15 சத்துகள் கலந்த கூட்டு நுண்சத்து மாத்திரை சில இடங்களில் தருவார்கள். அதிலேயே இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருப்பதால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம், சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவது இயல்பு. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரி விஷயம். ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு, மற்றவர் தாங்கிவிடும் ரத்தப்போக்குகூட ஆபத்தாகிவிடும்.

புஜத்தின் நடுப்பகுதிச் சுற்றளவு 23 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், இடத்துக்கு இடம் வரம்பு கொஞ்சம் மாறினாலும், கூடுதல் சத்துணவுத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

தண்ணீர் பற்றி?

நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கிய தண்ணீர், அல்லது குளோரின் மாத்திரை போட்ட தண்ணீர். அயோடின் மாத்திரையால் சுத்தப்படுத்திய தண்ணீரைக் கர்ப்பிணிகள் வாரக்கணக்கில் குடிக்கக் கூடாது, அது குழந்தையின் தைராய்டைப் பாதிக்கலாம். கழிப்பறை தூரம், இரவில் போகப் பயம் என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர். அதனால் சிறுநீர்த் தொற்று வரும், தொற்றால் குறைப்பிரசவமும் வரலாம். இதற்குத் தீர்வு கர்ப்பிணிக்குச் சொல்லும் அறிவுரையில் இல்லை, விளக்கும் உள்தாழ்ப்பாளும் உள்ள பக்கத்துக் கழிப்பறையில் இருக்கிறது.

வயிற்றுப்போக்கு வந்தால் உடனே ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடியுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தலைதட்டிய தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். கண்ணும் தோலும் மஞ்சளாவதை அலட்சியம் செய்ய வேண்டாம். அசுத்தத் தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஈ, கடைசி மூன்று மாதத்தில் பிடித்தால் 20 முதல் 25 சதவீதம் பேர் இறக்கக்கூடிய அளவுக்குக் கொடியது. மலேரியா உள்ள பகுதியில் மருந்திட்ட கொசுவலை முதலில் கர்ப்பிணிக்குத்தான்.

வீட்டைச் சுத்தம் செய்வதில் உதவலாமா?

உட்கார்ந்து செய்யும் இலகுவான வேலை சரி. சேற்றை வாருவது, பூஞ்சை பிடித்த சுவரைச் சுரண்டுவது, பழைய பெயின்டைத் தேய்ப்பது, உடைந்த கூரைத் தகட்டை அள்ளுவது வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பழைய கூரைத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வெள்ளச் சேற்றில் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் இருக்கலாம். சேற்றில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் பூட்ஸும் கையுறையும் போடுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் சேற்றில் இறங்கியதைச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ ஓட்டக் கூடாது, குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். கரி அடுப்பையும் மூடிய அறையில் வைக்காதீர்கள். இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. தாய்க்கு லேசான தலைவலி மட்டும் இருக்கும்போதே குழந்தைக்கு அதிகம் ஏறியிருக்கும், அங்கிருந்து வெளியேறவும் அதிக நேரம் எடுக்கும்.

பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது?

7-ஆம் மாதம் முடிவதற்குள் இதைத் தீர்மானித்துவிடுங்கள். எந்த ஆஸ்பத்திரி இப்போது உண்மையில் இயங்குகிறது, இரவிலும் ஆள் இருக்கிறார்களா, அறுவைசிகிச்சையும் ரத்தமும் உண்டா என்று நேரில் போனவரிடம் விசாரியுங்கள். பெயர்ப்பலகை இருப்பதால் உள்ளே மருத்துவர் இருப்பார் என்று நம்ப வேண்டாம். வண்டி யாருடையது, அவர் இல்லையென்றால் யார், பாலம் உடைந்திருந்தால் எந்த வழி, மற்ற பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, ரத்தம் கொடுக்க யார் வருவார்கள் என்று இத்தனையும் பேசி வைக்க வேண்டும். முன்பு சிசேரியன் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை, ரத்த அழுத்தம், குறுக்கே இருக்கும் குழந்தை என்றால் தேதி நெருங்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்த் தங்கிவிடுவது நல்லது.

ஆஸ்பத்திரியில் ஒன்று கேட்கலாம். ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. நாள்கணக்கில் மின்சாரம் போன இடத்தில் அதன் வீரியம் குறைந்திருக்கலாம், பார்த்தால் தெரியாது. வெப்பம் தாங்கும் கார்பெடோசின் ஊசியும், குளிர்ப்பெட்டி வேண்டாத மிசோப்ராஸ்டால் மாத்திரையும் இந்த நிலைமைக்குப் பொருத்தமானவை. "மருந்து குளிரில்தான் இருந்ததா?" என்று வீட்டார் கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

போய்ச் சேருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டால்?

கடைசி இரண்டு மாதம் ஒரு சுத்தப் பிரசவப் பை கூடவே இருக்கட்டும். பிளாஸ்டிக் விரிப்பு, சோப்பு, கையுறை, பிரிக்காத புது பிளேடு, தொப்புள்கொடியைக் கட்டச் சுத்தமான நூல், குழந்தையைத் துடைக்கவும் போர்த்தவும் துணிகள். நிவாரண அமைப்புகள் இதைத் தயாராகவே தருவதுண்டு.

உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தையைப் பிடித்து இழுக்காதீர்கள், வயிற்றை அழுத்தாதீர்கள். பிறந்ததும் துடைத்துத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்கவைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். கொடியை அறுக்க அவசரமே இல்லை. சுத்தமான பிளேடு இல்லையென்றால் அறுக்காமலே, நச்சுக்கொடியோடு சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். கொடியைப் பிடித்து இழுத்து நச்சுக்கொடியை எடுக்க முயல வேண்டாம். துணி மாற்ற மாற்ற நனைந்துகொண்டே இருந்தால் வேறு எதற்கும் நிற்காமல் கிளம்புங்கள், ரத்தப்போக்கு மணிக்கணக்கில் காத்திருக்காது. குழந்தையைக் குளிப்பாட்டுவது ஒரு நாள் கழித்து.

குறைமாதத்தில் பிறந்தால்? இன்குபேட்டர் இங்கே இல்லையே.

1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒரு ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு கட்டிவைத்தார்கள். பற்றாக்குறையில் பிறந்த அந்தக் கங்காரு முறையை இப்போது உலகமே பின்பற்றுகிறது. நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தவரை அதிக நேரம். தந்தையோ பாட்டியோ மாறி மாறி வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் குழந்தை இப்படியே போகலாம்.

பேரிடர் இடங்களில் பால் பவுடர் டப்பா இலவசமாகக் குவியும். அதிர்ச்சியால் பால் வற்றிப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பால் இறங்குவது கொஞ்ச நேரம் தாமதமாகலாம், குழந்தை சப்பச் சப்ப வரும். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் புட்டிப்பால்தான் ஆபத்து.

முகாமில் அத்துமீறல் நடந்தது. யாரிடம் சொல்வது?

பெண் செவிலியரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். காவல்துறையிடம் புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று யாரும் நிபந்தனை போடக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கர்ப்பிணிகளும் அதைச் சாப்பிடலாம். அடிப்பது கணவராக இருந்தாலும் இதே பதில்தான். வீடும் வேலையும் போன பிறகு வீட்டுக்குள் வன்முறை கூடுவதைச் செவிலியர்கள் அறிவார்கள்.

தன்னார்வலர்களாக நாங்கள் எங்கே தொடங்குவது?

எண்ணுவதில் தொடங்குங்கள். ஆண்டுக்கு 1000 பேருக்கு 20 பிறப்பு என்ற விகிதம் உள்ள இடத்தில், 10,000 பேர் கொண்ட சமூகத்தில் எந்த நேரத்திலும் ஏறக்குறைய 150 பேர் கர்ப்பமாக இருப்பார்கள். மாதத்துக்கு 16 அல்லது 17 பிரசவம், அதில் இரண்டு மூன்று சிக்கலாகலாம். உங்கள் பட்டியலில் 40 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மீதிப் பேர் கண்ணுக்குப் படவில்லை என்று அர்த்தம். உறவினர் வீட்டில் தங்கியவர்கள், வாடகைக்குப் போனவர்கள், திருமணமாகாதவர்கள், பதின்வயதினர், வேறு மொழி பேசும் தொழிலாளர்கள் ஆகியோர்தான் பெரும்பாலும் விடுபடுவார்கள்.

பேரிடர் காலத்தில் தாய்மை, இனப்பெருக்க நலச் சேவைகளை முதல் 48 மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும் என்று சர்வதேச அளவில் ஒப்புக்கொண்ட குறைந்தபட்சச் சேவைத் தொகுப்பு ஒன்று உண்டு. அதிலேயே, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முழுமையான சேவைக்கு மாற வேண்டும் என்றும் இருக்கிறது. முதல் பாதியைப் பல இடங்களில் நன்றாகச் செய்கிறார்கள், இரண்டாவது பாதிதான் நழுவுகிறது. அதனால் மருத்துவக் குழு கிளம்பும் தேதி தெரிந்ததும் கேளுங்கள்: இந்தப் பட்டியல் யார் கையில் போகிறது, அடுத்த மாதம் ரத்த அழுத்தம் யார் பார்ப்பார்கள், இரவு வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது. பதில்களை எழுதி வாங்கி, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். பெண்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் ஒட்டாதீர்கள், அது செவிலியரிடம் இருக்கட்டும்.